மயிலுக்கு ஒரு படம்

"ஃபிலிம்ல இன்னும் நாலே நாலு படம்தாங்க இருக்கு. லிஸ்ட்டுல இருக்கறதத் தவிர வேற எதையும் எடுக்க முடியாது" என்றார் முருகவேல்.

பலராமனுக்கு முகம் சுருங்கிவிட்டது. திருவண்ணாமலை மலைக்காட்டில் பதினோரு வருஷமாக வாட்ச்சர் வேலை. காக்கிச் சட்டையோடு தன்னை ஒரு படம் எடுத்துக் கொடுக்கும்படி யாரிடமாவது வாய்விட்டுக் கேட்டது இன்றைக்குத்தான். அதற்கு இந்தப் பதில்.

வடிகட்டின கஞ்சன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, "அப்பிடி இன்னா சார் லிஸ்ட்டு?" என்றார்.

முருகவேலின் மனைவி அருணாதேவி கைப்பையிலிருந்து மடித்த நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். மேலே 'தென்றல், 6-ஆம் வகுப்பு' என்று எழுதியிருந்தது. அதன் கீழே மலையில் இருக்கிற பூவும் பறவையும் விலங்குமாக முப்பத்தாறு பெயர்கள். முப்பத்திரண்டுக்குப் பக்கத்தில் சிவப்பு டிக் அடித்திருந்தது. கொன்றை, ஆவாரம்பூ, பனங்காடை, தோகை விரித்த மயில் ஆகிய நாலும்தான் பாக்கி.

"எங்க பொண்ணு எழுதுனது. எல்லாத்தையும் போட்டோ எடுத்து நோட்டுல ஒட்டணும்னு ஸ்கூல்ல சொல்லியிருந்தாங்க" என்றாள்.

பலராமனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பள்ளிக்கூடம் போவது பிள்ளைகள், வீட்டுப்பாடம் செய்வது பெற்றவர்கள். கீழ்பென்னாத்தூரில் இருக்கிற அவருடைய தங்கையும் இப்படித்தான் மகனுக்காக இலை பறித்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

"பாப்பா வரலியா?"

"வரலைங்க" என்றார் முருகவேல்.

"டி.வி. முன்னாடி உக்காந்திருக்கும். நீங்க பங்குனி வெயில்ல அலையறீங்க. செல்லம் ஜாஸ்தி சார்."

முருகவேல் கேமரா உறையின் பட்டனைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"எப்ப குடுக்கணுமாம்?"

"அமாவாசைக்குள்ள படம் கையில வேணும், அண்ணா" என்றாள் அருணாதேவி.

"நல்லா இருக்குது போ. அமாவாசை பாத்து நோட்டு வாங்கற ஸ்கூல இப்பத்தான் கேள்விப்படறேன்" என்று சிரித்தார் பலராமன். அவர் சிரிப்புக்குத் துணை கிடைக்கவில்லை.

ஆவாரம்பூ பாதையோரத்திலேயே கிடைத்தது. கொன்றைக்குச் சற்று மேலே ஏற வேண்டியிருந்தது. மரம் இலையே தெரியாமல் மஞ்சளாகத் தொங்கியது. பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் நிற்பார்கள். முருகவேல் கேமராவைத் தூக்கினார், அமுக்கினார், இறக்கினார். அருணாதேவி தாளில் டிக் அடித்தாள். ரேஷன் கடையில் கூட இதைவிடக் கொஞ்சம் முகமலர்ச்சி இருக்கும் என்று பலராமனுக்குத் தோன்றியது.

பனங்காடை பட்ட மரத்தின் உச்சியில் இருந்தது. அமுக்குகிற நேரம் பார்த்து நீலச் சிறகை விரித்துப் பறந்துவிட்டது.

"போச்சு" என்றார் பலராமன்.

"சிறகாவது படத்துல விழுந்திருக்கும்" என்றாள் அருணாதேவி. டிக் அடித்தாள்.

மீதி ஒரே ஒரு படம். ஓடைக்கரைப் பாறைக்குப் பின்னால் மூவரும் உட்கார்ந்தார்கள். மயில்கள் வந்தன, மேய்ந்தன. ஆனால் ஒன்று கூடத் தோகையை விரிக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. பலராமனுக்குக் கால் மரத்தது.

"சும்மா நிக்கற மயில எடுத்துக்கங்க சார். டீச்சருக்கு இன்னா தெரியப் போவுது?"

"விரிச்சதுன்னுதான் எழுதியிருக்கா" என்றார் முருகவேல். குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

வெயில் சாய்ந்தபோது ஓர் ஆண் மயில் மேட்டில் ஏறி நின்று உடம்பைச் சிலிர்த்தது. மெல்ல, மொத்தத் தோகையும் எழுந்து விரிந்தது. பதினோரு வருஷமாகப் பார்த்தும் பலராமனுக்கு அலுக்காத காட்சி. தானே பெற்று வளர்த்த மயில் மாதிரி பெருமையோடு திரும்பி அவர்கள் முகத்தைப் பார்த்தார். இரண்டு முகத்திலும் ஒன்றும் இல்லை.

முருகவேல் அமுக்கினார். முப்பத்தாறும் முடிந்ததும் ஃபிலிம் கர்ரென்று தானாகவே பின்னால் சுற்றத் தொடங்கியது. அந்தச் சத்தம் நிற்கும்வரை அவர் கேமராவை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது பலராமனின் மனத்தாங்கல் கரைந்துவிட்டது. எப்படியோ, பிள்ளைக்காக இத்தனை பாடுபடுகிறார்கள்.

"மார்க்கு வந்தா அதுல பாதி எனக்குன்னு தென்றல் பாப்பாகிட்ட சொல்லுங்க" என்றார். "அடுத்த மாசம் அதையும் கூட்டிட்டு வாங்க சார். பக்கத்துல போயி மயில் முட்டையே காட்டறேன்."

முருகவேல் நிற்காமல் நடந்தார். அருணாதேவி மட்டும் நின்றாள். கடைசி டிக்கையும் அடித்து, தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அவ போட்டோவுக்கு முன்னாடி படையல்ல வெக்கத்தாண்ணா எடுத்தோம்."