பல்லுக்குள் இருந்த வெள்ளி

என் வாயிலிருந்து பெயர்த்த பல் அடைப்பைக் குமுதா பத்திரமாகத் தட்டில் வைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. அவள் தாத்தா எங்கள் ரப்பர் தோட்டத்துக் கங்காணி. என் அம்மா ஒட்டுப்பால் நிறுக்கக் கொண்டுபோனால், வாளிக்கு அடியில் கால் கட்டைவிரலை முட்டுக் கொடுத்து எடையைக் குறைத்துவிடுவார். ஐம்பத்தைந்து வருடம் ஆகிறது. அந்தக் கட்டைவிரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இப்போது அவர் பேத்தி ஈப்போ பக்கம் செமோரில் பல் டாக்டர் வலேரியிடம் வேலை செய்கிறாள். காலில் தடித்த வெள்ளிக் கொலுசு. அவள் நடந்தால் கிளினிக் முழுக்கக் கேட்கும்.

தோட்டத்துக்கு வந்த அரசாங்கப் பல் வண்டியில் நான் அடைத்துக்கொண்ட பல் அது. வெள்ளி அடைப்பு என்றுதான் அன்று சொன்னார்கள். விரிசல் விட்டுவிட்டது என்று டாக்டர் அதை எடுத்துவிட்டு வெள்ளைப் பசை வைத்தார்.

குமுதா துண்டுகளை இடுக்கியால் பொறுக்கி, தண்ணீர் ஊற்றிய ஒரு போத்தலில் போட்டாள். அதில் ஏற்கெனவே கால் போத்தலுக்குக் கிடந்தது.

“அது என்னோடது. இங்க கொடு.”

“கொடுக்கக் கூடாது மாமா. அதுல பாதி பாதரசம். சிங்க்குல விட்டா ஆத்துக்குப் போயிரும். அதான் சேர்த்து வச்சி, கழிவு எடுக்கற லோரி வந்தா கொடுத்துருவோம்.”

“எந்த லோரி? உங்க தாத்தா லோரியா?”

டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார். “அதுக்காகத்தான் அங்கிள், இப்ப இந்த அடைப்பையே யாருக்கும் போடறதில்ல.”

“வெள்ளி விலை ஏறிப்போச்சி. அதான் போடல.”

தட்டில் இன்னும் ஒரு பெரிய துண்டு கிடந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“என் பேத்தி பொறந்து முப்பதாம் நாள் வருது. சம்பந்தி வீட்டுல தங்கச் சங்கிலி போடறாங்க. நான் வெறுங்கையோட போய் நிக்கவா? வீட்டுல பழைய மெட்டி இருக்கு. இதையும் சேர்த்து உருக்கினா ஒரு காப்பு வரும்.”

குமுதா வாசல் வரை சலங்சலங்கென்று ஓடி வந்தாள். “நெருப்புல மட்டும் வைக்காதீங்க மாமா. அந்தப் புகை விஷம். பச்சைப்பிள்ளை கையில போடறது லா.”

“ஈப்போ நவமணி பத்தருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சி?”

மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது அவள் காலைப் பார்த்தேன். எத்தனை பேர் பல்லோ, யார் கண்டது.

மெட்டியோடு ஈப்போ கடைக்குப் போனபோது பத்தர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வைத்துவிட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மெட்டியை நிறுத்தார். பல் துண்டை நிறுக்கவில்லை.

“அதை ஏன் நிறுக்கல?”

“பார்த்தாலே தெரியுதுண்ணே. அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க.”

போனேன். ஒரு காப்பு இல்லை, ஒரு ஜோடி. கையில் வைத்தால் கனம் தெரிந்தது.

“இவ்வளவா?”

“உங்க பல்லு நல்ல பல்லுண்ணே” என்றார் பத்தர்.

மறுநாள் சடங்கு. அதற்கு முன் எனக்கு ஒரு வேலை இருந்தது. நேராகச் செமோர் கிளினிக்குக்குப் போனேன். நாலைந்து பேர் காத்திருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று காப்புகளை மேசையில் வைத்தேன்.

“ஒரே ஒரு பல்லுக்கு இவ்வளவு. அந்தப் போத்தல்ல எத்தனை காப்பு இருக்கும்? எல்லாரும் பார்த்துக்குங்க. டாக்டர், அந்தப் பொண்ணை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்புங்க. இல்லாட்டி நான் போலீசுக்குப் போறேன்.”

டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, காப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். தண்ணீருக்குள் ஒரு துண்டு. என் துண்டுதான். உருகவும் இல்லை, உடையவும் இல்லை. மேலே ஒட்டிய தாளில் ‘ராமையா’ என்று என் பெயர் எழுதியிருந்தது.

“நவமணி பத்தர் அன்னிக்குச் சாயங்காலமே கொண்டாந்து கொடுத்துட்டாரு. முடியாதுன்னு சொன்னா நீங்க வேற கடைக்குப் போயிருவீங்கன்னுதான் வாங்கி வச்சாராம்.”

“அப்ப இந்தக் காப்பு? மெட்டி இத்தனை எடை வராதே.”

டாக்டர் உள்ளே பார்த்து, “குமுதா” என்று கூப்பிட்டார்.

அவள் உள் அறையிலிருந்து என் பக்கம் வரை நடந்து வந்தாள். காலில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.