பழசைத் துடைத்த கை

"ஜோசப்ராஜ் புது ப்ரோகிராம் போட்டதுலேர்ந்து பில்லு பறக்குது சார்!" என்றாள் பில் போடும் தெரசா, மானேஜரிடம்.

அம்பத்தூர் கம்பெனியில் ஒரு மாதமாக இதே பேச்சு. பழைய ப்ரோகிராமை எழுதிய உலகநாதனுக்கு வயிறு எரிந்தது.

"பழசு இன்னும் கம்ப்யூட்டர்ல எதுக்கு? நீங்களே எடுத்துடுங்க," என்றார் மானேஜர் அவனிடம்.

வீம்புக்கு, சோர்ஸ் கோடு முதல் பிளாப்பியில் வைத்திருந்த காப்பி வரை ஒன்று விடாமல் அழித்தான்.

மறுநாள் ஒரு பில்லும் வரவில்லை. கம்ப்யூட்டரைக் குடைந்து பார்த்த ஜோசப்ராஜ் தலையைச் சொறிந்தான்.

"அண்ணாத்தே, ரெண்டுத்துக்கும் ஒரே பேரு. இந்தக் கம்ப்யூட்டரு இத்தினி நாளும் பழசைத்தான் ஓட்டிகினு இருந்துகீது. என்னுது இன்னிக்குத்தான் மொத தபா ஓடுது, ஒரு பில்லு கூட போட மாட்டேங்குது."

"அப்போ தெரசா புகழ்ந்தது?"

"உன்னுதைத்தான். காப்பி எங்கனா கீதா?"

"இல்ல நைனா." சந்தோஷத்தில் உலகநாதனுக்கு வாயெல்லாம் பல். "சுத்தமா தொடச்சிட்டேன்."