தரை தொடாத மழை

நர்ஸ் கட்டு மாற்றிவிட்டுப் போனதும், விஜயகுமாரி சாத்துக்குடிச் சாற்றை ஸ்பூனில் எடுத்து ஜெபாவின் வாயருகே கொண்டுபோனாள். உதட்டில் எந்த ஓரம் வலிக்காது என்பது அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. பெற்ற தாய்கூட இவ்வளவு பொறுமையாக ஊட்டமாட்டாள் என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

ஜெபாவுக்குத் தாய் இல்லை. அப்பா ஞானதாஸ்தான் அச்சரப்பாக்கத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இந்தச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். அவர் டீ குடிக்க இறங்கும்வரை மாடிப்படிக்கு அப்பால் மறைவாக நின்றிருந்துவிட்டுத்தான் விஜயகுமாரி வார்டுக்குள் வருவாள். அவர் திரும்புவதற்குள் கிளம்பிவிடுவாள்.

தான் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர், ஒத்தாசைக்கு வந்திருக்கிறேன் என்று மட்டும் முதல் நாள் சொல்லியிருந்தாள். ஜெபா அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை.

கல்லூரியில் வெள்ளிக் கிரகத்து மேகங்களைப் பற்றி ஜெபா பேசவேண்டியிருந்த வாரத்தில்தான், மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் கூடப் படித்தவன் ஒருவன் அவள் முகத்தில் ஆசிட் ஊற்றினான். அவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அவளுக்குக் கண் இரண்டும் போய்விட்டது. அந்தப் பேச்சை எப்படியும் பேசியே தீருவது என்ற பிடிவாதம் மட்டும் போகவில்லை.

அதனால் தினமும் பாடம் நடந்தது. விஜயகுமாரி சொல்லச் சொல்ல, ஜெபா திருப்பிச் சொல்லி மனசில் ஏற்றிக்கொண்டாள். கந்தகப் புகை மேலே போகிறது. வெயிலில் மாறி, அங்கே கொஞ்சநஞ்சம் இருக்கிற நீராவியோடு சேர்கிறது. சேர்ந்து என்ன ஆகிறது என்று சொல்லவரும்போது மட்டும் விஜயகுமாரி போர்வையைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவாள்.

"ஆசிட்டுன்னே சொல்லுங்க டீச்சர். நான் இன்னா பயந்துடவா போறேன்?"

"ஆசிட்டுதாம்மா. மேகம் பூரா அதான். மழையும் அதான்."

"கீழ வுழுந்தா தரை வெந்துடாது?"

"கீழ வரைக்கும் வராது. அங்க அவ்ளோ சூடு. பாதி வழியிலயே ஆவியாயி மேல போயிடும். ஒரு சொட்டுகூடத் தரையத் தொடாது."

கட்டுக்குள்ளே ஜெபா அழுகிறாளா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பிறகு கட்டிலைத் தடவித் தடவி விஜயகுமாரியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

படிக்கட்டில் ஞானதாஸின் இருமல் கேட்டது. விஜயகுமாரி அவசரமாகப் பையை எடுத்தாள்.

"நாளைக்கு வரேம்மா. மீதிய அப்போ பாத்துக்கலாம்."

ஜெபா பிடித்த கையை விடவில்லை. குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"ஒங்க புள்ளைக்கு ஜாமீன் கெடச்சப்புறமும் வருவீங்களா, டீச்சர்?"