சினையாடு

ஜீப் வந்து நிற்கும் முன்பே அதன் எதிரில் போய் நின்று கத்தினாள் ஜமுனா.

"என் ஆடு காணாமப் போனப்ப வராத வண்டி, இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

வனக்காப்பாளன் பிரவீன் இறங்கினான். சின்ன வயசுதான். வலை காயப்போடும் திடலில் தார்ப்பாய் மூடிக் கிடந்ததை நோக்கி நடந்தான். குப்பமே பின்னால் போனது.

முந்தின நாள் சாயங்காலம் அவள் புருஷன் பச்சைமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் வேலிக்காத்தான் புதருக்குள் அதை மடக்கினார்கள். படகு தள்ளும் கோலாலேயே அடித்துக் கொன்று இழுத்து வந்தார்கள்.

அவர்களை உசுப்பி அனுப்பியவளே ஜமுனாதான்.

அனுப்பாமல் என்ன செய்வாள்? நிறைமாசச் சினையாடு. ஏரித் தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்து, ஓலைப்பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்து, சிப்பி கிழித்த விரல்களோடு வாங்கிய ஆடு. மேயப் போனது திரும்பவில்லை. இரண்டு நாள் தேடினாள். உப்பு மண்ணில் நாயினுடையதைவிடப் பெரிய கால்தடம் ஒன்றைப் பார்த்ததும் அவளுக்குத் தலைக்கேறிவிட்டது.

பிரவீன் தார்ப்பாயை விலக்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இது நரி இல்லக்கா. ஓநாய். வேலைக்கு வந்து ஆறு வருஷத்துல இந்தப் பக்கம் நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்ல."

"எதுவா இருந்தா இன்னா? என் ஆட்டத் தின்னுச்சு இல்ல?"

அவன் அதை மெதுவாகப் புரட்டினான். வயிற்றடியில் காம்புகள் வீங்கியிருந்தன. ஒன்றைத் தொட்டான். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"குட்டி போட்டிருக்கு. புதருக்குள்ள எங்கயோ பசியில கெடக்கும். எந்தப் பக்கம்னு யாருக்காவது தெரியுமா?"

பக்கத்து வீட்டு ஜெயம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பச்சைமுத்து தரையைப் பார்த்தான்.

அந்த அமைதிதான் ஜமுனாவுக்குப் பொறுக்கவில்லை.

ஏரியின் முகத்துவாரம் மண்ணடித்துக் கிடக்கிறதே, அதற்கு எந்த ஜீப் வந்தது என்று கேட்டாள். பறவை வருகிற மாசத்தில் அங்கே போகாதே, இங்கே வலை போடாதே என்கிறீர்களே, அந்த மாசம் எங்கள் வீட்டு உலையில் எதைப் போடுவது என்று கேட்டாள். பறவைக்குச் சட்டம் இருக்குது, ஓநாய்க்குச் சட்டம் இருக்குது, சேத்துல உட்காந்து இருக்கிறவளுக்கு இன்னா இருக்குது என்று கேட்டாள்.

அத்தனையும் உண்மை. கூட்டம் மெல்ல அவள் பக்கமாக நகர்ந்தது. டிரைவர் போய் ஜீப்புக்குள் உட்கார்ந்துகொண்டான்.

பிரவீன் மட்டும் அசையவில்லை. நோட்டைத் திறந்து, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"இது ஜெயில் கேசு அக்கா. ஆட்டத் தின்ன ஆத்திரத்துல அடிச்சுட்டாங்கன்னு எழுதறேன். அது ஒண்ணுதான் இவங்களுக்கு ஆதரவா இருக்கும். ஆட்டோட எலும்பு, தோலு எதுனா கெடச்சுதா?"

ஜமுனா வெடிப்பு விழுந்த இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எலும்பு வேணுமா உனக்கு? இத எண்ணிக்கோ!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எழுதினான். நஷ்டஈட்டுக்கு ஒரு மனு கொடுக்கச் சொல்லித் தாளை நீட்டினான். அவள் அதைக் கசக்கி எறிந்தாள். "உன் காசு எனக்கு வாணாம்."

"ஜமுனான்னா ஜமுனாதான்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அடித்த மூன்று பேரும் மறுநாள் ரேஞ்சர் ஆபீசுக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டு, ஓநாயை வண்டியில் ஏற்றினார்கள். ஜீப் போனது. பிரவீன் போகவில்லை. ஒரு சாக்குப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, முள் கிழிக்கக் கிழிக்கக் குனிந்து தனியாகப் புதருக்குள் நுழைந்தான்.

ஜமுனா வீட்டுக்கு நடந்தாள். ஜெயம்மா கூடவே வந்தாள். "கொஞ்சம் படுக்கணும், நீ போ" என்று அவளை வாசலோடு அனுப்பிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

காலையிலிருந்தே டி.வி. அலறிக்கொண்டிருந்தது. அதை அவள் அணைக்கவில்லை.

கட்டிலுக்குப் பின்னால், பழைய சேலைக் கிழிசலால் வாய் கட்டப்பட்டு நின்றது ஆடு. அதன் மடியில் இரண்டு குட்டிகள் முட்டிக்கொண்டிருந்தன. தொப்புள்கொடி இன்னும் காய்ந்து விழவில்லை.

புதருக்குள் எங்கேயோ ஈன்று, குட்டிகளுக்கு நடக்கத் தெம்பு வந்ததும் கூட்டிக்கொண்டு, அன்றைக்கு விடியும்போது அதுவாகவே வாசலில் வந்து நின்றிருந்தது. பச்சைமுத்து அப்போது ஏரியில் இருந்தான். வேறு யாரும் பார்க்கவில்லை.

ஜமுனா ஆட்டின் வாய்க்கட்டை அவிழ்த்தாள். அதன் இரண்டு காதுகளையும் கொத்தாகப் பிடித்து, முகத்தைத் தன் முகத்துக்கு நேரே இழுத்தாள்.

"நேத்தே வர்றதுக்கு இன்னாடி கேடு உனக்கு?"