ரப்பர் குமிழ்

எம்.ஆர்.ஐ. குகைக்குள் தள்ளுவதற்கு முன் டெக்னீஷியன் ஞானதுரை, பேச்சியம்மாளின் உள்ளங்கையில் ரப்பர் குமிழை வைத்தான். "மூச்சு முட்டுச்சுன்னா இத அமுக்குங்கம்மா. மணி அடிக்கும், ஒடனே வெளிய எடுத்துருவேன்." அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஹெட்போனை மாட்டிவிட்டான். வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் சொன்னான்: "மூச்ச இழுத்துப் பிடிங்க." படம் கலங்கியது. மறுபடியும் கலங்கியது. "பத்து செகண்ட் பிடிக்க முடியாதாம்மா? பச்சப்புள்ளகூட பிடிக்குமே." மணி அடிக்கவில்லை. அடிக்காதவரை நன்றாகத்தான் இருக்கிறாள் என்று பதினோரு தடவை பிடிக்கச் சொன்னான். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று கணினியில் ஏற்றியும்விட்டான்.

வெளியே இழுத்தபோது ஹெட்போன் கண்ணீரில் நனைந்திருந்தது. குமிழை இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவே வைத்து நெருக்கிக்கொண்டிருந்தாள். விரல்கள் மெழுகு பூசியதுபோல் பளபளத்து, விறைத்து நின்றன. தோல் இறுகும் நோய், நுரையீரலும் இறுகியிருக்கிறதா பார்க்கவும் என்று டாக்டர் எழுதிய சீட்டைக் காலையில் அவனேதான் வாய்விட்டுப் படித்திருந்தான்.

"அமுக்கத்தான் பாத்தேன்யா. வெரலு மடங்க மாட்டேங்கு," என்றாள். பிறகு தயங்கி, "படம் கெட்டுப்போச்சோ? இன்னொருக்கா வேணா பிடிச்சுப் பாக்கேன்."

ஞானதுரை குமிழை வாங்கினான். அவன் விரல்கள் தாமாகவே மடங்கின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவனுடைய காலி நாற்காலியருகே, மணி அடித்துக்கொண்டே இருந்தது.