வெறும் மலை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மகளைப் பெண் கேட்டுத் தனியே வந்த கஜனை, ரூ காய் தெருவிலுள்ள தன் புடவைக்கடையில் எதிரே இருத்தினார் தவரத்தினம்.

“மாமா...”

“இப்போதைக்கு அங்கிள் எண்டு சொல்லும். என்ன வேலை செய்யிறீர்?”

கஜன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பனி மூடிய மலை, கீழே ஏரி.

“வேலையைக் கேட்டால் ஊர் சுத்தின படத்தைக் காட்டுறீர்!”

கஜன் அடுத்த படத்தைத் தள்ளினான். “போன வருஷம் இதே இடம் இப்பிடி இருந்தது, அங்கிள்.”

அதிலும் அதே மலைதான். குறுக்கே இரும்புக் கோபுரங்கள். வானத்தைக் கீறிய மின்கம்பிகள்.

“இவ்வளவும் எங்கை போச்சு?”

“மலையின்ரை வடிவைக் கெடுக்குதெண்டு கோபுரங்களைக் கழட்டி, கம்பியளை நிலத்துக்குக் கீழை புதைச்சிட்டம். அதுதான் என்ரை வேலை. கரண்ட் இப்பவும் ஓடுது.”

தவரத்தினம் முதல் படத்துக்குத் திரும்பினார். ஏரிக்குள்ளும் மலை முழுதாகத் தெரிந்தது.

“தம்பி, மாமாவை எப்ப அங்கை கூட்டிக்கொண்டு போறீர்?”