உறைப்புக் கறி

“மச்சாள், உங்களுக்கு இரக்கமெண்டு ஒண்டு இருக்கோ?”

கம்பஸ் லீவில் அன்புவழிபுரத்துக்கு வந்திருந்த நிரோஷினிக்கு, அண்ணனின் சோற்றுக் கோப்பையைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. பேணாட் வயிற்றைப் பொத்திக்கொண்டு இருக்கிறான். அவன் மனைவி சீலா, செக்கச்செவேலென்ற சூரைமீன் கறியை ஊற்றுகிறாள்.

“அண்ணாவுக்குக் காஸ்ரிக், வயித்துப் புண். தெரியுந்தானே?”

“ஓம், தெரியும்.”

“பிறகேன் இவ்வளவு மிளகாய்த்தூள்? பாலை விட்டு ஒரு சொதி வைக்க ஏலாதோ?”

“ஏலும். வைக்கமாட்டன்.”

“கேட்டியே அண்ணா! இதுக்குப் பேர்தான் குடும்ப வன்முறை.”

“விடு தங்கச்சி. அம்மா உயிரோட இருந்திருந்தாலும் இவளை இவ்வளவு ஏசியிருக்கமாட்டா.”

இரண்டு வாய் சாப்பிட்டான். அடுத்தது இறங்கவில்லை. கதிரையோடு சுருண்டு நெளிந்தான்.

சீலா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“இப்பவாவது ஆஸ்பத்திரிக்கு வாறீங்களோ?”

“ஐயோ, வாறன். குழாயை விட்டாலும் விடட்டும், ஓட்டோவைக் கூப்பிடு!”

வயிற்றுக்குள் கமராக் குழாய் விட்டார்கள். சதைத் துணுக்கும் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று மூவரையும் இருத்தி வைத்து டொக்டர் சப்ரினா சொன்னார்:

“இது வெறும் புண் இல்லை. லிம்போமா. நிணநீர்ப் புற்றுநோய். அனேகமாக் கழுத்தில, கக்கத்தில கட்டியா வாறது. இவருக்கு இரைப்பையில வந்திருக்கு. சதை எடுத்துப் பார்க்காட்டி இன்னும் காஸ்ரிக் எண்டே நினைச்சுக்கொண்டு இருந்திருப்பீங்கள். நல்ல காலம், வெள்ளன வந்திட்டீங்கள். சுகப்படுத்தலாம்.”

பேணாட் சீலாவின் கையை இறுக்கிப் பிடித்தான். நிரோஷினி விடவில்லை.

“டொக்டர், இவ போட்ட தூளாலதானே வந்தது?”

“தூளால இந்த வருத்தம் வராது. புண்ணில பட்டால் நோகும், அவ்வளவுதான்.”

“நோகுமெண்டு தெரிஞ்சும் போட்டவ! கேளுங்கோ டொக்டர், ஏனெண்டு கேளுங்கோ!”

“நான் சொல்லுறன் நிரோ,” என்றாள் சீலா. “உங்கட அண்ணாவுக்குக் குழாயெண்டால் பயம். நான் கிளினிக்குக்குத் திகதி எடுக்கிற நேரமெல்லாம் முதல் நாள் சொதியும் சோறும் கேட்பார். நானும் பாவமெண்டு வைச்சுக் குடுப்பன். விடிய, ‘எனக்குச் சுகம்’ எண்டு போட்டு நிலாவெளிக்குக் கரைவலை இழுக்கப் போயிடுவார்.”

தன்னைப் பற்றியிருந்த பேணாட்டின் கையை அவள் தடவிவிட்டாள்.

“நோவு அடங்கினால் இவர் இங்க வரமாட்டார். அதுதான் அடங்க விடேல்ல.”